கண் ஊசிக்கு "எவ்வளவு ஆகும்?"னு மட்டும் கேட்காதீங்க



"அம்மாவுக்கு சர்க்கரையால கண்ணுல நீர் கோத்திருக்காம், ஊசி போடணும்னு சொல்லிட்டாங்க. எவ்வளவு ஆகும்? இன்சூரன்ஸ் கிடைக்குமா?" கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு பக்கம் வேலை பார்க்கிற இளைஞர்கள் ஒரு ஆடிட்டர்கிட்ட கேட்கிற கேள்விகள்ல இதுவும் இப்ப சேர்ந்துடுச்சு. கேள்வி நியாயமானதுதான். ஆனா அதுக்கு முன்னாடி கேட்க வேண்டியது ஒண்ணு இருக்கு: "எத்தனை ஊசி? நடுவுல விட்டா என்ன ஆகும்?"

கண்புரை ஆபரேஷன் மாதிரி ஒரு தடவை பணம் கட்டி முடிக்கிற செலவுன்னு நினைச்சுத்தான் பல குடும்பங்கள் இதை ஆரம்பிக்கிறாங்க. ஆனா இது மாசாமாசம் வர்ற இஎம்ஐ மாதிரி. முதல் ஊசிக்குப் பணம் புரட்டுறது யாருக்கும் பெரிய விஷயம் இல்லைங்க. ஏழாவது ஊசிக்கும் பணம் இருக்கணும், அதுலதான் பார்வையே இருக்கு. ஏன்னு புரிய, அந்த ஊசி கண்ணுக்குள்ள என்ன வேலை செய்யுதுன்னு கொஞ்சம் தெரிஞ்சுக்கணும்.

வட்டி கட்டுற ஊசி, அப்படியே நிக்கிற அசல்

விழித்திரை முழுக்க தலைமுடியை விட மெல்லிய ரத்தக்குழாய்கள் ஓடுது. பல வருஷம் சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லைன்னா அந்தக் குழாய்களோட சுவர் பலவீனமாகும். சில இடத்துல கசியும். கசியுற நீர் விழித்திரையோட நடுப்பகுதியில் தேங்கினா எழுத்து மங்கும், முகம் கலங்கும். வேற சில குழாய்கள் அடைச்சே போயிடும். அந்தப் பகுதிக்கு ஆக்சிஜன் போகாது.

ஆக்சிஜன் கிடைக்காத விழித்திரை சும்மா இருக்காது. "எனக்குப் புதுக் குழாய் வேணும்"னு ஒரு புரதத்தைச் சுரக்கும். அதோட பேர் விஇஜிஎஃப். இந்தப் புரதம் ரெண்டு வேலை பண்ணும். இருக்கிற குழாய்களை இன்னும் கசிய வைக்கும்; புதுசா குழாய்களை முளைக்க வைக்கும். புதுசா முளைச்சது தரமான குழாய் இல்லை, லேசா அசைஞ்சாலே உடையும். உடைஞ்சா கண்ணுக்குள்ள ரத்தம் பரவி ஒரே நாள்ல பார்வை இருண்டு போகலாம்.

கண்ணுக்குள்ள போடுற ஊசி மருந்து அந்த விஇஜிஎஃப் புரதத்தைப் பிடிச்சு முடக்குது. கசிவு குறையும், வீக்கம் வத்தும், புதுசா முளைச்ச குழாய்கள் சுருங்கும். பலருக்குச் சில நாள்லயே வித்தியாசம் தெரிய ஆரம்பிக்கும். உண்மையிலேயே அருமையான மருந்துங்க. அதுக்கு முன்னாடி லேசர் பெரும்பாலும் இருக்கிற பார்வை போகாம தடுத்தது. இந்த ஊசிக்கு அப்புறம் போன பார்வையில் ஒரு பகுதி பலருக்குத் திரும்ப வந்தது.

இப்ப முக்கியமான விஷயம். அடைச்சுப்போன குழாய்களை இந்த ஊசி பெரும்பாலும் திறந்து விடுறதில்லை. ஆக்சிஜன் பஞ்சம் அப்படியே இருக்கு, புரதச் சுரப்பும் நிக்கிறதில்லை. மருந்தோட வீரியம் பொதுவா சில வாரங்கள்ல குறைஞ்சுடும். குறைஞ்சதும் கசிவு திரும்பலாம், குழாய்கள் மறுபடி முளைக்கலாம்.

நம்ம பாஷையில் சொன்னா, ஊசி வட்டி கட்டுது. அசல் சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும். அசலைக் குறைக்காம வட்டி மட்டும் கட்டினா கடன் எப்படி முடியாதோ, இதுவும் அப்படித்தான்.

நடுவில் விட்டா?

இங்கதான் பணக் கஷ்டம் கண் கஷ்டமா மாறுது. புதுக் குழாய்கள் முளைச்ச, முற்றிய நிலையில் இருக்கிற கண்ணுக்கு ரெண்டு வழி உண்டு: ஊசி, இல்லைன்னா லேசர். லேசர், விழித்திரையோட ஓரப்பகுதியைச் சுட்டு, அங்க தேவைப்படுற ஆக்சிஜனையே குறைச்சிடும். ஓரப் பார்வையும் இருட்டுல பார்க்கிற திறனும் கொஞ்சம் குறையலாம். ஆனா பலன் நீண்ட காலம் நிக்கும். அசல்ல ஒரு பகுதியை மொத்தமா அடைக்கிற மாதிரி.

ஒழுங்கா சிகிச்சைக்கு வர்றவங்களுக்கு இந்த நிலையில் ஊசி, லேசருக்குக் குறைஞ்சது இல்லைன்னு 2015ல் அமெரிக்க ஆய்வு ஒண்ணு காட்டுச்சு. ஆனா வராம விட்டவங்க கதை வேற. பிலடெல்பியாவில் இருக்கிற வில்ஸ் கண் மருத்துவமனை நோயாளிகளை வெச்சு 2019ல் வெளியான ஆய்வு இதைத்தான் பார்த்தது: ஆறு மாசத்துக்கு மேல சிகிச்சைக்கு வராம இருந்துட்டுத் திரும்பி வந்தவங்க. லேசர் செஞ்சிருந்த கண்களை விட, ஊசி மட்டும் போட்டு நிறுத்தின கண்கள் மோசமா இருந்துச்சு. விழித்திரை இழுபட்டுப் பிரிஞ்சு வர்றதும் அவங்ககிட்ட அதிகம்.

அதனால என் கருத்து இதுதான்: உங்க வீட்டுப் பண நிலைமையை டாக்டர்கிட்ட முதல் நாளே சொல்லிடணும். "சார், நாங்க தாராபுரத்துல இருந்து வர்றோம். மாசம் ஒரு தடவை கூட்டிட்டு வர ஆள் இல்லை. ஆறு ஊசிக்கு மேல பணமும் கஷ்டம்." இதைச் சொல்ல வெட்கப்படவே கூடாது. இது வீட்டு விவகாரம் இல்லை, மருத்துவத் தகவல். இதைத் தெரிஞ்சுகிட்டா லேசர் பொருந்துமா, ரெண்டையும் சேர்த்துச் செய்யலாமா, விலை குறைஞ்ச மருந்து போதுமான்னு டாக்டர் யோசிக்க முடியும். மறைச்சு வெச்சு, மூணாவது ஊசிக்கு அப்புறம் காணாம போறதுதான் இருக்கிறதுலயே மோசமான வழி.

நம்ம ஊர்ல விட்டுப்போறதுக்குப் பணம் மட்டும் காரணம் இல்லைங்க. "இப்ப நல்லா தெரியுதே, இன்னும் எதுக்கு?"ன்னு அம்மாவே சொல்லுவாங்க. மஞ்சள் அறுவடை இருக்கும், சொந்தத்துல கல்யாணம் இருக்கும், மில்லுல லீவு கிடைக்காது. நல்லா தெரியறதே ஊசியோட வீரியத்துலதான்னு அவங்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியது உங்க பொறுப்பு.

சரி, கணக்குக்கு வருவோம்

விழித்திரை நடுவில் நீர் கோத்த சர்க்கரை நோயாளிகள்கிட்ட மூணு மருந்துகளை ஒப்பிட்ட ஒரு பெரிய அமெரிக்க ஆய்வு 2015ல் வெளியாச்சு. அதுல ஒரு கண்ணுக்கு முதல் வருஷம் நடுத்தரமா 9 முதல் 10 ஊசி. ரெண்டாவது வருஷம் 5 முதல் 6. ரெண்டு வருஷத்துக்குச் சுமார் 15 ஊசி. இங்க பல டாக்டர்கள் முதல்ல மாசம் ஒண்ணுன்னு மூணு ஊசி போட்டுட்டு, அப்புறம் ஓசிடி ஸ்கேன் பார்த்து முடிவு பண்றாங்க. அதனால எண்ணிக்கை கூடலாம், குறையலாம். ஆனா "ஒரே ஊசியில் முடிஞ்சுடும்"னு திட்டம் போடாதீங்க.

வெறும் உதாரணத்துக்கு மூணு விலை எடுத்துக்குவோம். உங்க ஆஸ்பத்திரி சொல்ற தொகையை (மருந்து, தியேட்டர், ஸ்கேன் எல்லாம் சேர்த்து) அந்த இடத்துல போட்டுப் பாருங்க.

- ஒரு தடவைக்கு 6,000 ரூபாய்னா, 15 ஊசிக்கு 90,000
- 15,000 ரூபாய்னா, 2,25,000
- 40,000 ரூபாய்னா, 6,00,000

ரெண்டு கண்ணுக்கும் தேவைப்பட்டா ரெட்டிப்பு. கூடவே கார் வாடகை, உங்க லீவு. இதுல ஒரு நல்ல செய்தியும் இருக்கு. வட்டி கட்டிட்டே இருக்கணும்னாலும், பெரும்பாலானவங்களுக்கு வருஷம் போகப் போக எண்ணிக்கை குறையும். செலவோட பாரம் முதல் 12 மாசத்துலதான் அதிகம். அதனால முதல் வருஷத்துக்கான பணத்தை மட்டும் தனியா ஒரு கணக்குல ஒதுக்குங்க. அதுக்காக எஸ்ஐபியை ஆறு மாசம் நிறுத்தணும்னா தாராளமா நிறுத்துங்க. முதலீட்டைப் பத்தியே பேசுற நான் இதைச் சொல்றது ஆச்சரியமா இருக்கலாம். எஸ்ஐபி விட்டுப்போனா பின்னாடி கூடுதலாப் போட்டு ஈடுகட்டலாம். செத்துப்போன விழித்திரை செல்லுக்கு டாப்-அப் கிடையாது.

கிரெடிட் கார்டு மினிமம் டியூ கட்டி இதை ஓட்டாதீங்க. வேற வழியே இல்லைன்னா நகைக்கடன் அதை விட எவ்வளவோ மேல்.

விலை ஏன் இவ்வளவு வித்தியாசம்?

இது சுவாரசியமான கதை. அவாஸ்டின் 2004ல் அமெரிக்காவில் பெருங்குடல் புற்றுநோய்க்காக அனுமதி வாங்கின மருந்து. அதையும், கண்ணுக்குன்னே 2006ல் அனுமதி வாங்கின லூசென்டிஸ் மருந்தையும் உருவாக்கினது ஜெனென்டெக்ங்கிற ஒரே கம்பெனி. லூசென்டிஸ் வர்றதுக்கு முன்னாடியே, 2005ல், கண் டாக்டர்கள் புற்றுநோய் மருந்தைச் சின்ன அளவாப் பிரிச்சு கண்ணுல போட்டுப் பார்த்தாங்க. வேலை செஞ்சது.

அப்புறம் அமெரிக்க அரசு நிதியில் ரெண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்டாங்க. வயசானதால வர்ற விழித்திரை நோய்க்கு ரெண்டும் பார்வையில் சமமான பலன் தந்ததுன்னு 2011ல் முடிவு வந்துச்சு. அப்ப அங்க ஒரு டோஸ் லூசென்டிஸ் சுமார் 2,000 டாலர், அவாஸ்டின் சுமார் 50 டாலர்.

சர்க்கரையால வர்ற நீர்க்கோப்புக்குப் பதில் கொஞ்சம் நுணுக்கமானது. நான் மேல சொன்ன 2015 ஆய்வுல, ஆரம்பத்துல பார்வைக் குறைவு லேசா இருந்தவங்களுக்கு அவாஸ்டின், லூசென்டிஸ், ஐலியா மூணுமே கிட்டத்தட்ட ஒரே பலன். பார்வை ஏற்கெனவே நல்லா குறைஞ்சிருந்தவங்களுக்கு முதல் வருஷத்துல ஐலியா மேல். அதாவது விலை அதிகமான மருந்துக்கு அர்த்தம் இருக்கிற நோயாளிகளும் உண்டு, இல்லாதவங்களும் உண்டு. "எங்க அம்மா எந்த வகை?"ன்னு டாக்டர்கிட்ட கேளுங்க.

இந்தியாவுக்கு ஒரு கூடுதல் வசதி. 2015ல் இன்டாஸ் கம்பெனி ரஸுமாப்ங்கிற பேர்ல லூசென்டிஸ் மருந்தோட பயோசிமிலர் ஒண்ணை இங்க கொண்டு வந்துச்சு. அந்த வகையில் உலகத்துலயே முதல். அதனால "மலிவு, நடு, விலை உயர்வு"ன்னு மூணு படி நமக்குக் கிடைக்குது.

மலிவு மருந்துல கவனிக்க வேண்டியதும் இருக்கு. அவாஸ்டின் பெரிய குப்பியா வரும். அதைச் சின்னச் சின்ன டோஸாப் பிரிக்கும்போது சுத்தம் தவறினா தொற்று வரும். குஜராத்துல இந்த ஊசிக்கு அப்புறம் பலருக்குப் பார்வை பாதிக்கப்பட்டதால, 2016 ஜனவரியில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கண்ணுக்கு இதைப் போட வேண்டாம்னு எச்சரிக்கை விட்டது. கண் மருத்துவர் சங்கங்கள் எடுத்துச் சொன்ன பிறகு அந்த மார்ச்சுலயே அது விலக்கப்பட்டது. அதனால மருந்தை எங்க, எப்படிப் பிரிக்கிறாங்கன்னு கேட்கிறது உங்க உரிமை. எந்த மருந்தா இருந்தாலும், ஊசி போட்ட சில நாள்ல கண் சிவந்து, வலிச்சு, பார்வை மங்கினா அன்னைக்கே ஆஸ்பத்திரி போகணும். அண்மையில் மாரடைப்போ பக்கவாதமோ வந்திருந்தா ஊசிக்கு முன்னாடியே சொல்லிடணும்.

என் கணக்கு இது: விலை அதிகமான மருந்தை மூணு தடவை போட்டு நிறுத்துறதை விட, டாக்டர் ஒத்துக்கிற விலை குறைஞ்ச மருந்தை விடாம போடுறது நல்ல திட்டம். காஸ்ட்லி ஊசிதான் அம்மா மேல இருக்கிற பாசத்துக்கு அளவுகோல்னு நினைக்காதீங்க.

இன்சூரன்ஸ்: கிடைக்கும், ஆனா எவ்வளவு?

முன்னாடி "24 மணி நேரம் அட்மிட் ஆகலையே, இது ஓபி சிகிச்சை"ன்னு சொல்லி கண் ஊசி கிளெய்ம்களை நிராகரிக்கிறது சகஜம். 2019 செப்டம்பர்ல ஐஆர்டிஏஐ வெளியிட்ட வழிகாட்டுதல், 12 நவீன சிகிச்சைகளைப் பட்டியல் போட்டு, பாலிசியில் இருந்து இவற்றை விலக்கக் கூடாதுன்னு சொல்லிடுச்சு. அந்தப் பட்டியல்ல கண்ணுக்குள்ள போடுற ஊசியும் இருக்கு. ஆனா கம்பெனிகள் உச்ச வரம்பு வெச்சுக்கலாம். ஆரோக்ய சஞ்சீவனி பாலிசியில் அது காப்பீட்டுத் தொகையில் 50 சதவீதம். வேற சில பாலிசிகள்ல ரொம்பக் குறைவா இருக்கும்.

இன்னைக்கே உங்க பாலிசி பிடிஎஃப்பைத் திறந்து இதைப் பாருங்க:

- "நவீன சிகிச்சைகள்" பகுதியில் கண் ஊசிக்கு எவ்வளவு வரம்பு? ஒரு ஊசிக்கா, ஒரு வருஷத்துக்கா?
- கம்பெனி குரூப் பாலிசியில் அப்பா அம்மா சேர்ந்திருக்காங்களா? அவங்களுக்குக் கோ-பே எத்தனை சதவீதம்?
- தனி பாலிசின்னா, சர்க்கரை நோய்க்குக் காத்திருப்புக் காலம் எவ்வளவு? 2024 ஏப்ரல்ல இருந்து இது அதிகபட்சம் 3 வருஷம்தான்.
- சர்க்கரை இருக்கிறதை விண்ணப்பத்துல சொல்லியிருக்கீங்களா? மறைச்சிருந்தா கிளெய்ம் நேரத்துல அடி விழும்.

பெரும்பாலான குரூப் பாலிசிகள்ல காத்திருப்புக் காலம் இருக்காது. அதனால ஊசி நடந்துட்டிருக்கும்போது வேலை மாறுறவங்க, புது கம்பெனியில் பெற்றோர் கவர் இருக்கான்னு கேட்காம ஆஃபர் லெட்டர்ல கையெழுத்துப் போடாதீங்க. சம்பளம் 5,000 கூடி, கவர் போயிடுச்சுன்னா நஷ்டம்தான்.

கிளெய்ம் நிராகரிச்சா "சரி போகட்டும்"னு விடாதீங்க. முதல்ல கம்பெனிக்கு எழுத்துல புகார். 30 நாள்ல பதில் வரலைன்னாலோ, பதில் திருப்தி இல்லைன்னாலோ சென்னையில் இருக்கிற இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன்கிட்ட போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை.

மாசச் சம்பளம் 21,000 வரைக்கும் இருந்தா உங்களுக்கு இஎஸ்ஐ இருக்கும். உங்களை நம்பியிருக்கிற, மாச வருமானம் 9,000க்குள்ள இருக்கிற பெற்றோரையும் அதுல சேர்க்கலாம். சிங்காநல்லூர் இஎஸ்ஐ ஆஸ்பத்திரியில் முதல்ல விசாரிச்சுட்டு அப்புறம் கடன் வாங்குறதைப் பத்தி யோசிங்க. மதுரையில் 1976ல் 11 படுக்கையோட ஆரம்பிச்ச அரவிந்த் கண் மருத்துவமனை நம்ம அவினாசி ரோட்டுலயும் இருக்கு, சத்தி ரோட்டுல சங்கரா இருக்கு. வசதி குறைஞ்சவங்களுக்கு இந்த மாதிரி ஆஸ்பத்திரிகள்ல என்ன சலுகை இருக்குன்னு நேர்ல கேளுங்க.

வரியில் என்ன கிடைக்கும்?

சுருக்கமா சொல்றேன். புது வரி முறையில் இருந்தா ஒண்ணும் கிடையாது. பழைய முறைன்னா, 80டின்னு நாம சொல்ற கழிவுல, 60 வயசு தாண்டின பெற்றோருக்குக் கட்டுற பிரீமியத்துக்கு 50,000 ரூபாய் வரை. அவங்களுக்கு ஹெல்த் இன்சூரன்ஸே இல்லைன்னா, அதே 50,000 வரம்புக்குள்ள சிகிச்சைச் செலவையே காட்டலாம். கண் ஊசி பில்லும் இதுல வரும். ஒரே நிபந்தனை, ரொக்கமா கட்டக் கூடாது. யுபிஐ, கார்டுன்னு கட்டி பில்லைப் பத்திரமா வைங்க. 80டிடிபியிலும் காட்டலாம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. அந்த நோய்ப் பட்டியல்ல சர்க்கரையால வர்ற விழித்திரை நோய் கிடையாது.

இந்த எல்லாச் செலவையும் தவிர்க்கிற செலவு

2023ல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வு, இந்தியாவில் 10.1 கோடி பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறதா மதிப்பிட்டது. சென்னையில் நடந்த ஒரு பழைய ஆய்வுல, சர்க்கரை உள்ளவங்கள்ல 17.6 சதவீதம் பேருக்கு விழித்திரை பாதிப்பு இருந்தது. கிட்டத்தட்ட ஆறுல ஒருத்தர். ஆரம்பத்துல வலி இருக்காது, பார்வையும் குறையாது. அதனாலதான் கண்ணாடிக் கடையில் பவர் மட்டும் பார்த்துட்டு வந்தா இது தெரியவே தெரியாது. சொட்டு மருந்து விட்டு, பாப்பாவை விரிச்சு, விழித்திரையைப் பார்க்கணும். வருஷத்துக்கு ஒரு தடவை போதும். ஒரு ஊசிக்கு ஆகுற செலவுல பல வருஷப் பரிசோதனையை முடிச்சிடலாம்.

இது அப்பா அம்மாவுக்கு மட்டும் இல்லை. ஐடி வேலையில் உட்கார்ந்தே இருந்து 32 வயசுல சர்க்கரை மாத்திரை எடுக்கிற உங்களுக்கும்தான்.

இந்த மாசச் சம்பளம் வந்ததும் மூணு வேலை பண்ணுங்க. வீட்டுல சர்க்கரை உள்ளவங்களுக்கு விழித்திரைப் பரிசோதனைக்கு அப்பாயின்ட்மென்ட் போடுங்க. பாலிசியில் அந்தக் கண் ஊசி வரம்பைத் தேடிக் குறிச்சு வைங்க. ஊசி ஏற்கெனவே ஆரம்பிச்சிருந்தா, அடுத்த ஊசித் தேதியை உங்க போன் காலண்டர்ல போடுங்க, அம்மாவோட ஞாபகத்தை நம்பாதீங்க. வீட்டுக்கடன் இஎம்ஐ ஒரு மாசம் தவறினா பேங்க் ரெண்டு தடவை போன் பண்ணும். கண்ணு போன் பண்ணாது.